சீகையை வெட்டுகிறவர்கள் சோலைக்கிளியையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகிய அந்நிய மரங்களை அகற்றும் பணி பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அந்நியத் தாவரங்களை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. வேண்டிய வேலைதான். ஆனால் எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்பதோடு கணக்கை முடித்துக்கொண்டால், மலைப்பள்ளங்களில் புல்வெளிகளுக்கு நடுவே வளரும் சோலைக்காட்டின் அடித்தட்டில் வாழும் பறவைகளுக்கு, முக்கியமாகச் சோலைக்கிளிக்கு, அதனால் கேடுதான்.

பெயர்தான் கிளி, இது பூச்சி பிடிக்கும் சிறு பறவை. நீளம் 15 செ.மீ. அளவு. மேலே கருநீலம், வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் மங்கலான வெண்கோடு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் இருப்பதற்கு விலா செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பதற்கு விலாவும் நீலம். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அழியும் ஆபத்திலுள்ள இனம். தெற்கத்தியதற்கு ஆபத்து ஒரு படி குறைவு.

தரையை ஒட்டிய புதரிலும் இலைச்சருகிலும்தான் இதன் பிழைப்பு. வெட்டவெளியைத் தாண்டிப் பறக்கத் தயங்கும். சோலைக்கும் சோலைக்கும் நடுவே தேயிலை, காய்கறித் தோட்டம், சாலை என்று வந்துவிட்டால் ஒரு பள்ளத்துப் பறவைக்கும் அடுத்த பள்ளத்துப் பறவைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. மனிதரால் அண்மைக் காலத்தில் நேர்ந்த இந்தத் துண்டிப்பு இதன் மரபணுவிலேயே பதிந்திருப்பதை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. சோலையோரத்து விடுதிகளின் கொல்லைப்புறத்தில் இது சாதாரணமாக வந்து மேய்வதைப் பார்த்து, "இதற்கென்ன ஆபத்து" என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் சோலை இருப்பதால்தான் கொல்லைக்கு வருகிறது.

இனி வெட்டும் முறைக்கு வருவோம். புல்வெளிக்குள் புகுந்த சீகையையும் சோலையை ஒட்டி முற்றிப்போன சீகைத் தோப்பையும் ஒரே ரம்பத்தால் அறுப்பதுதான் பெரிய தவறு. புல்வெளியில் உள்ளதை முழுதாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் பழைய தோப்பின் நிழலில் பல இடங்களில் நாவல் வகைகள், காட்டு இலவங்கம், காட்டுச் செண்பகம் போன்ற சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. மேலே இருக்கும் சீகையை ஒரே மூச்சில் சாய்த்தால், விழும் மரம் பாதிக் கன்றுகளை நசுக்கும். மிச்சத்தை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொட்டும் உறைபனி கருக்கிவிடும். திறந்தவெளியில் சோலைக்கன்று தேறாததற்கு முதல் காரணம் உறைபனிதான்.

அங்கே செய்யவேண்டியது, மரத்தை நின்றபடியே மெல்லப் பட்டுப்போக வைக்கும் பட்டை உரிப்பு. மரத்தின் அடியில், சுற்றிலும் குறைந்தது ஒரு அடி அகலத்துக்குப் பட்டையைக் கட்டை தெரியும்வரை எடுக்க வேண்டும். விரல் அகலப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதன் வழியே மரம் பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான்: மலைச்சரிவில் மரத்தின் மேல்பக்கத்தை மட்டும் நன்றாக உரித்துவிட்டு, கால் ஊன்ற வசதியில்லாத கீழ்ப்பக்கத்தை அரைகுறையாக விடுவார்கள். எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் உரிக்காமல் மூன்று நான்கு ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டால் வெளிச்சம் மெல்ல மெல்ல உள்ளே வரும், கன்றும் அதற்கேற்ப உயரும். பாதையோரத்தில் மட்டும் பட்டுப்போன மரத்தை நிற்கவிடக் கூடாது. அது யார் தலையிலாவது விழும்.

அடுத்தது விதை. சீகை விதை மண்ணுக்குள் 50 ஆண்டுகூடக் கெடாமல் கிடக்கும். தீ பட்டாலோ ஜேசிபி மண்ணைக் கிளறினாலோ அத்தனையும் ஒன்றாக முளைக்கும். முன்பு இருந்ததைவிட நெருக்கமான சீகைக்காடு அதே இடத்தில் எழும்புவது இப்படித்தான். எனவே சரிவுகளில் இயந்திரம் வேண்டாம். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது நாற்றை வேரோடு கையால் பிடுங்க வேண்டும். பூப்பதற்குள் பிடுங்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை. கற்பூர மரத்துக்கு விதையைவிட அடிக்கட்டைதான் தொல்லை; துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டும் ஒப்பந்தத்திலேயே இந்தப் பின்வேலைக்கும் பணம் ஒதுக்காவிட்டால், வெட்டாமலே விட்டிருக்கலாம் என்ற நிலைதான் வரும்.

சோலைக்கிளி ஏப்ரல் முதல் ஜூன் வரை மண்மேட்டுப் பொந்திலும் தாழ்வான மரப்பொந்திலும் பாசியால் கூடு கட்டுகிறது. வழக்கமாக இரண்டே முட்டை. அந்த மூன்று மாதமும் சோலையை ஒட்டி வெட்டுவது, பாதையோர மண்மேட்டைச் செதுக்குவது, ஓடைக்கரையைச் சீர்செய்வது எதுவும் கூடாது. கோடை சீசனுக்காகப் புதர் வெட்டி "அழகுபடுத்தும்" வேலையும் சரியாக அதே மாதங்களில்தான் நடக்கிறது. செஸ்ட்ரம் போன்ற அந்நியப் புதரையும் ஒரேயடியாக வழிக்காமல் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் குறிஞ்சி வகைச் செடிகள் மூடிய பிறகு அடுத்த துண்டுக்குப் போகலாம்.

நாற்று நடுவோருக்கும் ஒன்று. நாவல் வகை விதைகள் காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய சில நாட்களில் ஊன்றிவிட வேண்டும். நடுவதும் சோலை விளிம்பிலும், இரு சோலைகளை இணைக்கும் ஓடைக்கரையிலும் மட்டுமே. புல்வெளியில் சோலை மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்யும் இன்னொரு கேடு. பழனி மலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிச்சம் இருப்பது வரையாட்டுக்கும் நெட்டைக்காலிப் பறவைக்கும் வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ஒருமுறை, விடியற்காலையில் ஒரே இடங்களில் நின்று சோலைக்கிளியின் பாட்டைக் கேட்டு எண்ணினால் பலன் தெரிந்துவிடும். அலைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைத்து எண்ண வேண்டாம். படம் எடுப்பவர்கள் இதையே செய்கிறார்கள். இல்லாத எதிரியை விரட்ட ஆண் பறவை மேய்ச்சலையும் கூட்டையும் விட்டு ஓடிவருகிறது. கூடு கட்டும் மாதங்களில் இதை வனத்துறை அடியோடு தடை செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.