செயலாளரின் ஆண்டறிக்கை – 2025
பெண்கள் அரசியல் கற்கை வட்டம், யாழ்ப்பாணம்

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்தின் பின்னர் நடந்தவற்றை இவ்வறிக்கையில் தருகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல சனசமூக நிலைய மண்டபத்தில் நடைபெற்றன. மாரி தொடங்கிய பின் வருகை குறைந்தது. அது ஒவ்வொரு வருடமும் உள்ளதுதான். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் வந்ததால் வருடத்தின் முதற்பாதி முழுவதும் சபைகளில் பெண்களுக்கான ஆசன ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே போயிற்று. "25 சதவீதம் பெண்களுக்கு" என்று மேடைகளில் கேட்டுப் பழகிய பலர், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். ஆகவே அதை விரிவாகப் பதிகிறேன்.

சபையின் ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரங்களுக்கு, 40 சதவீதம் பட்டியலுக்கு. கட்சியோ சுயேச்சைக் குழுவோ இரண்டு வேட்புமனுக்களைக் கொடுக்கிறது. வட்டார வேட்பாளர்களுக்கான முதலாவது மனுவில் 10 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும். பட்டியலுக்கான மேலதிக மனுவில் 50 சதவீதம். வாக்காளர் போடுவது ஒரே புள்ளடி. அந்த ஒரு புள்ளடியே வட்டாரத்துக்கும் பட்டியலுக்கும் சேர்த்து எண்ணப்படுகிறது. பெண்களை மேலதிக மனுவில் நிரப்பிவிட்டு வட்டாரத்தை ஆண்களுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்த 10, 50 என்ற எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

கரும்பலகையில் போட்ட கணக்கு இது. 20 ஆசனங்கள் கொண்ட ஒரு சபை. 12 வட்டாரம், 8 பட்டியல். பெண்கள் 5 பேர் வர வேண்டும். முதலாவது கட்சிக்கு 45 சதவீத வாக்கு, உரித்து 9 ஆசனம். 9 வட்டாரங்களை வென்றுவிட்டது, ஒன்பது பேரும் ஆண்கள். பட்டியலில் அதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது கட்சிக்கு 30 சதவீதம், 6 ஆசனம்; 3 வட்டாரம், 3 பட்டியல். மூன்றாவதுக்கு 15 சதவீதம், மூன்றும் பட்டியலில். நான்காவதுக்கு 10 சதவீதம், 2 ஆசனம், இரண்டும் பட்டியலில். 20 சதவீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெற்ற கட்சியின் உறுப்பினர்கள் பெண் பங்கின் கணக்கில் சேர்வதில்லை. எனவே நான்காவது கட்சி தப்பிவிடுகிறது. இரண்டாவது கட்சியிலிருந்து 2 பெண்கள், மூன்றாவதிலிருந்து ஒருவர். முதலாவது கட்சி தரவேண்டிய இரண்டு பேர் வருவதற்கு வழியே இல்லை. ஐவர் வர வேண்டிய சபையில் மூவர். 2018 பெப்ரவரி 10இல் இச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில், நாடு முழுவதும் 2 சதவீதத்துக்குள் கிடந்த பெண்களின் பங்கு 20ஐத் தாண்டியும் 25ஐத் தொடாமல் நின்றதற்கு இது முக்கிய காரணம். "பெண்கள் முன்வரவில்லை" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

இன்னொரு விடயம். பட்டியலில் பெயர் முதலாவதாக இருப்பதால் ஆசனம் நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். முடிவு வந்த பின் யாரை அனுப்புவது என்பதைக் கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். வட்டாரத்தில் தோற்றவரையும் அனுப்பலாம். "ஒரு வருடம் நீங்கள், அடுத்த வருடம் இன்னொருவர்" என்று சொல்லி, திகதியிடாத பதவி விலகல் கடிதத்தில் முன்கூட்டியே கையொப்பம் வாங்குவது இங்கே யாரும் அறியாததல்ல. அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம் என்பதே வட்டத்தின் ஆலோசனை. கேட்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் சரி.

மார்ச் மாத வேட்புமனுத் தாக்கலில் இளைஞர் பங்குக்கான பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறைப்படி உறுதிப்படுத்தப்படாததாலும், உறுதியுரைப் பத்திரக் குறைகளாலும் நாடு முழுவதும் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. சில நீதிமன்றம் போய்த் திரும்பி வந்தன. மனு விழுந்தால் அதிலுள்ள ஆண், பெண் எல்லோரும் சேர்ந்தே விழுகிறார்கள். கடைசி நாள் மதியத்தில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடுவதை விட்டு, சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை ஒரு மாதம் முன்னரே எடுத்து உறையில் போட்டு வைப்பது நல்லது. தேர்தல் முடிந்த பின்னும் ஒரு கடதாசி உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியான 21 நாட்களுக்குள் செலவு விபரம் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். ஒரு சதம் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

ஜூன் மாதத்தில் யாழ். மாநகர சபையின் முதல்வராக மதிவதனி விவேகானந்தராஜா தெரிவானார். மேடைப் பேச்சுகளில் பெண் முதல்வர்களின் வரிசை பிழைத்துப்போவதால் இங்கே குறித்து வைக்கிறேன். 1998இல் சரோஜினி யோகேஸ்வரன். அவர் அதே ஆண்டு மே 17இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 2009 தேர்தலின் பின் யோகேஸ்வரி பற்குணராஜா. இப்போதையவர் மூன்றாமவர். மறுபக்கம், 2024 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான பெண்களின் தொகை முதன்முறையாக 20ஐத் தாண்டியபோதும், யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் ஒன்றிலும் பெண் இல்லை. பழைய கதை ஒன்றும் பொருத்தமாயிருக்கும். 1931இல் நாடெங்கும் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தபோது, தேர்தல் பகிஷ்கரிப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்பாளரே இல்லை. எங்கள் பெண்களின் முதல் வாக்கு 1934 வரை காத்துக் கிடந்தது. அதற்கிடையில், 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டவாக்க சபைக்கு)ப் போய்விட்டார்.

வருடத்தின் பிற்பாதி, ஆசனம் கிடைத்தவர்களுக்கானது. இதில் பிரேரணை எழுதும் பயிற்சிதான் எல்லோருக்கும் பயன்பட்டது. வழமையாகச் சபைகளுக்கு வரும் பிரேரணை இப்படி இருக்கும்: "எமது வட்டாரத்தில் தெருவிளக்குகள் எரியாமையால் மக்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாகின்றனர். இதற்கு உடன் நடவடிக்கை எடுக்க வேண்டும்." எல்லோரும் ஆமோதிப்பார்கள், ஒன்றும் நடக்காது. யார், எதை, எந்தக் காசில், எப்போது என்பது அதில் இல்லை. திருத்தி எழுதியது: "சந்தைப் பின்வீதியிலிருந்து பாடசாலை ஒழுங்கை முடியும்வரை, இணைப்பில் குறித்த மின்கம்ப இலக்கங்களிலுள்ள 7 விளக்குகளை, தெருவிளக்குப் பராமரிப்புச் செலவுத் தலைப்பிலிருந்து, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் திருத்துவதெனவும், அதுபற்றித் தொழில்நுட்ப அலுவலர் அக்கூட்டத்தில் அறிக்கையிடுவதெனவும் இச்சபை தீர்மானிக்கிறது." கம்ப இலக்கங்களைப் பகலிலேயே போய் எழுதிக்கொள்ள வேண்டும், இரவில் தெரியாது, விளக்கு எரியவில்லை என்பதுதானே முறைப்பாடு. வழிமொழிபவரைக் கூட்டத்துக்கு முதல் நாளே பேசி வைக்க வேண்டும். எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதை அந்தந்தச் சபையின் நிலையியற் கட்டளையில் (கூட்ட நடைமுறை விதிகளில்) பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கூட்ட அறிக்கை. அதில் "கலந்துரையாடப்பட்டது" என்று எழுதப்பட்டால் ஒருவருக்கும் வேலையில்லை. "கவனத்திற் கொள்ளப்பட்டது" என்றாலும் அப்படியே. "தீர்மானிக்கப்பட்டது" என்றால் மட்டுமே அலுவலர் ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை உறுதிப்படுத்தும் ஐந்து நிமிடத்தைப் பலர் தேநீர் வரும் நேரமாகக் கருதுகிறார்கள். வினைச்சொல்லை மாற்ற அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அங்கே வாய் திறக்காவிட்டால் பின்னர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துப் பலனில்லை.

பாதீடு வாசிக்க மூன்று நிரல்கள் போதும்: சென்ற ஆண்டு ஒதுக்கியது, உண்மையில் செலவானது, இவ்வாண்டு ஒதுக்கியது. செலவாகாத தொகை அப்படியே திரும்பவும் ஒதுக்கப்பட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்த காசு. சந்தை மலசலகூடம், முன்பள்ளி என்ற வரிகளில் இதை அதிகம் காணலாம். பாதீட்டு வாக்கு சிறிய விடயமல்ல. 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையில் அது இருமுறை தோற்றதும் முதல்வர் பதவி போனது. அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபையில் பட்டியலால் வந்த ஒரு பெண் உறுப்பினரின் கையும் அதே எடைதான். அதைக் கேட்க வருபவரிடம் மலசலகூடத்துக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதேச சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்க 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பெண் உறுப்பினர்களை வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவுக்கு அனுப்பிவிட்டு நிதிக் குழுவை ஆண்களே வைத்துக்கொள்வது வழமை. நிதிக் குழுவைக் கேட்டு வாங்குங்கள். சபை விபரம் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கையளித்த விண்ணப்பத்துக்கு எழுத்தில் ஒப்புகை வாங்காமல் வந்தவர்களுக்கு நாட்கணக்கு எங்கிருந்து தொடங்குவது?

இராஜதந்திரம் பற்றிய மூன்று அமர்வுகளும் இதே பாதையில்தான் போயின. 1960 ஜூலை 21இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க வெளிவிவகாரத்தையும் தன் கையிலேயே வைத்திருந்தார். 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பிரிக்கப்பட்டார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய பெண்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேசையின் தலைப்பில் ஒரு பெண் இருந்தாரே என்று ஓர் அங்கத்தவர் கேட்டதில் அன்றைய கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை. 1974 கச்சதீவு உடன்படிக்கையும் அவர் காலத்ததே. அதன் சுமையை நெடுந்தீவு, மன்னார்க் கடற்றொழிலாளருக்கு விளக்கத் தேவையில்லை.

2003இல் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சின்போது பெண்களுக்கான உப குழு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு தரப்பிலும் ஐந்து பெண்கள், நோர்வேயின் அனுசரணை, மார்ச்சில் கிளிநொச்சியில் முதல் அமர்வு. ஏப்ரலில் பேச்சு இடைநிறுத்தப்பட்டதும் உப குழுவும் நின்றது. பிரதான மேசைக்கு வெளியே போடப்படும் மேசை, பிரதான மேசை கவிழ்ந்தால் தானும் கவிழும். எங்கள் சபைகளின் சமூக அபிவிருத்திக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை (2000 ஒக்டோபர் 31) வரிவரியாக வாசித்தோம். அதன் செயற்பாட்டுப் பந்திகள் 18. தீர்மானம் எடுக்கும் எல்லா மட்டங்களிலும் பெண்களைக் கூட்ட வேண்டும் என்னும் முதற் பந்தி "வலியுறுத்துகிறது" என்று தொடங்குகிறது. பின்வருபவை ஊக்குவிக்கின்றன, கோருகின்றன, அழைக்கின்றன. "தீர்மானிக்கிறது" என்ற சொல்லில் தொடங்குவது கடைசிப் பந்தி மட்டுமே. சபை தீர்மானித்ததோ, இவ்விடயத்தில் தொடர்ந்து கவனமாயிருப்பதென்று! எங்கள் பிரதேச சபைகளில் "கவனத்திற் கொள்ளப்பட்டது" என்று எழுதும் அலுவலர் நியூயோர்க்கிலும் நன்றாகவே பிழைத்துக்கொள்வார். இத்தீர்மானம் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்ற 2015ஆம் ஆண்டு உலகளாவிய ஆய்வின் பிரதான ஆசிரியர் எம்மவரான ராதிகா குமாரசுவாமி என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மாதிரிப் பேச்சுவார்த்தைப் பயிற்சியில், இணங்காத சொற்களைச் சதுர அடைப்புக்குள் இடும் முறையைப் பழகினோம். எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததல்ல என்பதும் அதன் விதி. களைப்பில் கடைசி அரைமணியில் அடைப்பை எடுத்துவிட்டவர்களே இழந்தார்கள். ஆகவே முக்கிய சொற்களை முதலிலேயே பேச வேண்டும். தலைப்பையும் முகவுரையையும் பின்னுக்குத் தள்ளலாம்.

வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சை பற்றிப் பல பட்டதாரிப் பிள்ளைகள் விசாரித்தனர். வயது, தகைமை நிபந்தனைகளைத் தனியார் வகுப்புத் துண்டுப்பிரசுரத்தில் பார்க்க வேண்டாம்; அவ்வப்போதைய வர்த்தமானியில் பார்க்கவும். 1958இல் இச்சேவையில் முதற்பெண்ணாகச் சேர்ந்த மனெல் அபேசேகர, 1982இல் பாங்கொக்கில் தூதுவராக இருந்தபோது அலிட்டாலியா விமானக் கடத்தல்காரருடன் பேசி முடித்தவர். அது பரீட்சைத் தாளில் வராத பாடம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை முன்வைப்பவை: கூட்ட அறிக்கை வாசிப்பை மாதந்தோறும் நடத்துவது, அங்கத்தவர்கள் தத்தம் பிரதேச சபையின் பாதீட்டுப் பிரதியை ஜனவரிக்குள் பெற்று வட்டத்துக்குத் தருவது, மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படுமானால் அதன் சட்டத்தில் பெண்களுக்கான பங்கு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க மூவர் கொண்ட குழு அமைப்பது. மூன்றாவதற்கு முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இன்றே தேவை.

நிலையியற் கட்டளைப் பிரதிகள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் கூட்டம் முடிந்து போகுமுன் தந்துவிடவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்