‘ஆ’வுக்குக் கீழே ஓர் இலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகத் தாய்மொழி நாள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வங்க மொழிக்காகப் போராடியவர்கள் மீது 1952இல் டாக்காவில் நடந்த துப்பாக்கிச் சூடு, வங்கதேசத்தின் முயற்சி, 1999இல் யுனெஸ்கோ பிப்ரவரி 21ஐ அறிவித்தது எல்லாம் சரி. ஆனால் கதை 1999க்கு ரொம்ப முன்பே தொடங்கிவிட்டது. 1951இல் யுனெஸ்கோ பாரிஸில் கூட்டிய நிபுணர்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்ல அதன் தாய்மொழியே சிறந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1953இல் அது அறிக்கையாக வந்தது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்ற ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின்) 107ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இலேயே ஏற்றுக்கொண்டது. கல்வியில் பாகுபாடு கூடாது என்று 1960இல் வந்த யுனெஸ்கோ உடன்படிக்கை சிறுபான்மையினர் மொழிக்கும் இடம் கொடுத்தது. கூடவே ‘அந்தந்த நாட்டின் கல்விக் கொள்கையைப் பொறுத்து’ என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டது. அந்த வால்தான் இன்றுவரை ஆடுகிறது.

நான் கர்நாடக எல்லையை ஒட்டிய தளி ஒன்றியத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஒருநாள் எழுத்துக்கு நேரே படத்தை வைக்கச் சொன்னேன். ஒரு பெண் இலைப் படத்தை ‘ஆ’வுக்குக் கீழே வைத்தாள். தப்பு என்று எடுத்து ‘இ’க்குக் கீழே மாற்றினேன். மறுபடி எடுத்து ‘ஆ’விலேயே வைத்தாள். அதட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: வீட்டில் அவள் பேசுவது தெலுங்கு. இலைக்கு அவள் சொல் ‘ஆக்கு’. அவள் வைத்தது சரி, எனக்குத்தான் தெரியவில்லை. அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

பாரிஸ் அறிக்கையைத் தமிழுக்காக எடுத்துக்காட்டும் நாம், ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்கும், அஞ்செட்டி மலையோர இருளர் பிள்ளைகளுக்கும் அதே நியாயம் உண்டு என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். தமிழ் கட்டாயம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பிள்ளைகளும் தமிழ் படிக்கத்தான் வேண்டும், நன்றாகவே படிக்கிறார்கள். நான் கேட்பது, ஒன்றாம் வகுப்பின் முதல் ஆறு மாதம் மட்டும் வீட்டு மொழிக்கும் இடம் வேண்டும் என்பதைத்தான்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்து ஆசிரியர் கையேட்டில் எல்லையோர ஒன்றியங்களுக்கென்று நாலு பக்கம் சேர்த்தால் போதும்: இலை, ஆடு, தண்ணீர், சோறு என அன்றாடச் சொற்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு அதுவே பெரிய உதவி. தெலுங்கு, கன்னடச் சொற்கள் இருநூறுக்கு மேல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருளர் பேச்சுக்கு அவர்களையேதான் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். துறையிலிருந்து யார் வந்து கேட்டாலும் நோட்டைத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.