பிரிட்ஜ் கூசின கதை

கொக்குவில்

அன்பான பியூஸ் ராணிக்கு,

நாலு மாதமாகக் கடிதம் இல்லை என்று கோபித்திருப்பாய். கோபி. நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மாமரம் இந்த முறையும் ஏமாற்றிவிட்டது.

நீ லண்டனிலிருந்து அனுப்பின ரிலே சுவிட்சுகளில் மூன்றை ஒரு தம்பியைக் கூப்பிட்டுப் பூட்டினோம். விறாந்தை, கேற், மாமியின் அறை. ஃபோனில் தட்டினால் லைட் எரியும். பெடியளுக்கு ஒரே புளுகம். மாமி மட்டும், "பிரிட்ஜைத் தொட்டால் கூசுது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. சீனி வருத்தம், விரல் கூசத்தான் செய்யும் என்று இரண்டு கிழமை அவவின் வாயை நானே அடைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் நித்திரை வருவதில்லையடி.

ஒருநாள் குசினி கழுவிவிட்டு வெறுங்காலோடு பிரிட்ஜைத் தொட்டேன். எனக்கும் சுரீரென்றது. பிரிட்ஜின் சுவிட்சை நிற்பாட்டினேன், பிறகும் கூசியது. மெயினை நிற்பாட்டினபோதுதான் அடங்கியது. உடனே எங்கள் பழைய வயரிங் ஐயாவுக்கு ஆள் அனுப்பினேன்.

ஐயா விறாந்தைச் சுவிட்சைக் கழற்றினவுடன் தலையில் கைவைத்தார். எங்களது பழைய வயரிங். சுவிட்ச் பெட்டிக்குள் கரண்ட் கொண்டுவருகிற லைவ் வயர் வரும், அங்கிருந்து லைட்டுக்குப் போகும், அவ்வளவுதான். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் மேலே, லைட் தொங்குகிற சீலிங் ரோஸோடு நின்றுவிடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ரிலேயோ லைட் அணைந்த பிறகும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. தம்பி தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற பச்சை ஏர்த் வயர் சும்மா கிடந்தது, அதில் முறுக்கிவிட்டார். லைட் எரிந்தது, காசும் வாங்கிக்கொண்டு போனார்.

கிணற்றடி ஏர்த் கம்பியின் கிளிப்போ துருப்பிடித்து அரைகுறையாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ரிலேக்களின் கரண்டுக்கு மண்ணுக்குள் இறங்கச் சரியான வழியில்லை. பச்சை வயர் பூட்டின, பிரிட்ஜ் போன்ற எல்லா இரும்பு உடம்பிலும் ஏறி நின்றது. வழி காட்டினது மாமி. கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே என்று கேட்டேன். அது 30 மில்லி அம்பியருக்காம். மண்ணுக்குள் கசிந்ததும் மாமிக்குள் போனதும் சேர்ந்தே அதைவிடக் குறைவு. குறைவு என்று ஐயா சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயா முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில், கரண்ட் பார்க்கிற ரெஸ்ரரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு மெயினை நிற்பாட்டிச் சுவிட்சுகளில் பார்த்தார், கடைசியில் திரும்பவும் மெயினுக்கு முன்பக்கம் கரண்ட் இருக்கிற இடத்தில், ரெஸ்ரர் கெட்டுப்போகவில்லையே என்று. அதன் பிறகுதான் கைவைத்தார். அந்தந்த லைட்டின் நியூட்ரலையே குழாய்வழி கீழே இறக்கினார், கிளிப்பைப் புதிதாகப் போட்டார்.

அப்புறம் உன் அதிபுத்திசாலி யோசனை: கிணற்று மோட்டரை நேரே ரிலேயில் பூட்டுவது! ரிலே 10 அம்பியர். எங்கள் 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும், கிளம்பும்போதோ பல மடங்கு. ரிலேக்குள் தொடுகை ஒட்டிப்போனால் ஃபோன் 'ஓஃப்' என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இடையில், பெரிய கரண்டைத் தாங்குகிற சுவிட்சாக ஒரு கொன்டாக்டர் வேண்டுமாம். கரண்ட் போய் வந்தால் ரிலே ஓஃபிலேயே எழும்புகிற மாதிரியும் வைக்கவேண்டும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டின நாட்களில் அப்படி வைக்காத ரிலே ஒன்று மோட்டரில் இருந்திருந்தால், கிணற்றடியில் ஆர் கையை விட்டிருக்கும்போது மோட்டர் எழும்பியிருக்குமோ!

மாமி இப்போதும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறக்கிறா. நான் ஒன்றும் சொல்வதில்லை.

உன் வீட்டு மாடிப்படிச் சுவிட்சையும் ஒரு ஆளைக்கொண்டு திறந்து பார்ப்பி. நீ திறக்காதே. பௌதிகவியல் செய்முறை எனக்கு மறக்கவில்லை.

உன்
கொக்குவில்காரி