நேரத்தையாவது சொல்லுங்கள்

எங்கள் பகுதிக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் வட்டார மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டியபோது ஃபைபர் அறுந்ததும், மூன்று நாள் இணைப்பு இல்லாமல் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். என் நான்கு புகார் எண்களும் உங்கள் கணினியிலேயே இருக்கும். அந்த மூன்று நாளில் எனக்கு என்ன போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பா காலத்தில் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குக் குடும்பமாக வருவார்கள். அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள், பெயர் வரிசைக்குச் சண்டை போடுவார்கள், டீ குடிப்பார்கள், "பார்த்துப் பண்ணிக் கொடுங்க" என்று முன்பணம் கொடுத்துவிட்டு எழுவார்கள். ப்ரூஃப் தாமதமானால் கடையிலேயே உட்கார்ந்து வாங்கிப் போவார்கள். இன்று என்னிடம் வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இந்தத் தெருவை அவர்கள் பார்த்ததே இல்லை. வாட்ஸ்அப்பில் நான் பதில் சொல்லும் வேகம்தான் அவர்களுக்கு என் கடை, என் முகம், என் நாணயம்.

அன்று இரவு ஒன்பதரைக்கு, டொரண்டோவில் பகல் பன்னிரண்டு, மாப்பிள்ளையின் பெரியப்பாவோடு வீடியோ காலில் கடைசித் திருத்தம் பார்ப்பதாகப் பேச்சு. போன மாதம் தவறிய தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்க்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் அத்தனை முறை கூப்பிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வாடிக்கையாளர் மையத்தில் "இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்" என்றார்கள். ஒன்பது மணிக்கும் அதே பதில். நம்பினேன். அப்புறம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் செல்போனை வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, வீடியோ அழைப்பிதழை ஏற்றினேன். 61 சதவீதத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து. வீடியோ கால் இரண்டு முறை அறுந்தது. நள்ளிரவுக்கு மேல் ஒரு செய்தி வந்து விழுந்தது: "தம்பி, நீங்க இருக்கீங்களா?"

முன்பணத்தோடு ஆள் ஓடிவிட்டான் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை. இரண்டாம் நாள் வேலை வேறொருவருக்குப் போனது. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர் தங்கை வீட்டுப் பத்திரிகையும் என்னிடம் வருவதாக இருந்தது, அதுவும் போயிற்று.

ஃபைபர் அறுந்ததற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை. மண்ணுக்குள் கேபிள் எங்கே போகிறது என்று ஜேசிபி ஓட்டுபவருக்கு யாரும் காட்டுவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: இணைப்பு எப்போது வரும் என்ற உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். மூன்று நாள் ஆகும் என்று முதல் மாலையே சொல்லியிருந்தால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பேன்.

வெளியுலகத்தோடு தொழில் செய்வது வடசென்னைக்குப் புதிதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இன்றும் நாங்கள்தான் நிற்கிறோம். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா வந்த பிறகு கணினி வேலை என்றாலே தெற்குப் பக்கம் என்று ஆகிவிட்டது. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு ஆல்பம் டிசைன் செய்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறோம். யார் கண்ணிலும் படுவதில்லை. சென்னைக் கரையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் ஃபைபர் போட்டு 2020இல் திறந்தார்கள். அந்தக் கடல் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இங்கே ஒரு தெருவில் அறுந்ததை ஒட்ட மூன்று நாள்.

சரி, அதையெல்லாம் நீங்கள் ஒருவர் தீர்க்க முடியாது. நேரத்தைச் சொல்வது உங்களால் முடியும். இணைப்பு அறுந்தால், ஆட்கள் வந்து பார்த்த பிறகு சரியான நேரத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். அது தள்ளிப்போனால் இன்னொரு செய்தி அனுப்புங்கள். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள். ஆவணி முகூர்த்த வேலைகள் இந்த வாரம் தொடங்குகின்றன. அதற்குள் உங்கள் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பத்திரிகை வடிவமைப்பாளர்