லீற்றருக்கு 14 ஓடுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார வாகனப் பகுதியில் டீசல் டபுள் கெப் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 'லீற்றருக்கு 14 கிலோமீற்றர்' என்ற வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு என் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் முற்றத்தில் நிற்கும் கெப்பை விற்றவரும் இதே 14ஐச் சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார்.

2022 ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் 460 ரூபாய்க்கு ஏறிய அன்று ஒரு கொப்பி வாங்கினேன். அப்போது டாங்கி நிரம்ப டீசல் யாருக்குக் கிடைத்தது? கியூஆர் எரிபொருள் பங்கீடு ஓய்ந்த பிறகுதான் ஒழுங்காக எழுதத் தொடங்கினேன். குழாய் முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட்டு வண்டியின் தூர மீற்றரைக் குறித்துக்கொள்வேன். மறுதடவையும் அதே குழாயில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் புதிதாக ஊற்றிய லீற்றரால் வகுப்பேன். பெடியன் "இன்னும் கொஞ்சம் பிடிக்கும் ஐயா" என்று குழாயை அமுக்கினால் அன்றைய கணக்கு வீண்.

பெரும்போகத்தில் எழுதிய ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 50 கிலோ யூரியாப் பைகள் பதினாறு. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளி வரை வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வாய்க்கால் கட்டில் ஏறினால் இரண்டாம் கியருக்கு மேல் போட முடியாது. மழை பெய்த அன்று நான்கு சக்கர இழுவையைப் போட்டுத்தான் வெளியே வந்தேன். இப்படிப் போய்வந்ததில் 362 கிலோமீற்றருக்கு 38.5 லீற்றர். லீற்றருக்கு 9.4.

இதில் என் குற்றமும் உண்டு. அழகுக்கென்று பெரிய டயர் போட்டிருந்தேன். அது ஒரு சுற்றில் கூடத் தூரம் உருளும், மீற்றருக்கு அது தெரியாது. கல்முனை வீதியில் கிலோமீற்றர் கற்களை எண்ணிப் பார்த்தால், 20 கிலோமீற்றர் ஓடியதற்கு மீற்றர் 19 தான் காட்டுகிறது. அதைத் திருத்தினால் 9.9 வருகிறது. பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு வெறும் வண்டியாக, ஏசி போடாமல், இரவில் நிதானமாகப் போனபோது 13.1 கிடைத்தது. 14ஐ நான் கண்டதில்லை.

அந்த எண் முழுப் பொய்யும் அல்ல. நம்மிடம் ஓடும் பழைய கெப்கள் பலவற்றின் விளம்பரத் தாளில் இருப்பது பழைய ஐரோப்பியச் சோதனையின் கணக்கு. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே 20 நிமிடம், 11 கிலோமீற்றர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர் கூட இல்லை. ஏசி கிடையாது. பாரம் ஓட்டுநரோடு சேர்த்து 100 கிலோ. 2017இல் அங்கே கடுமையான புதிய சோதனை வந்துவிட்டது. அதிலும் ஏசி போடுவதில்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் கெப் ஓட்டுகிறவர் அம்பாறை, மட்டக்களப்பில் யார் இருக்கிறார்?

இனி வாகனம் பற்றி எழுதும்போது எவ்வளவு பாரம், எந்தப் பாதை, ஏசி ஓடியதா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் போடுங்கள். என் கொப்பியைப் பிரதி எடுத்து அனுப்பவும் தயார். சில பக்கங்களில் டீசல் பட்டு எழுத்து ஊறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயல்காரன்,
களுவாஞ்சிகுடி.