கிதாருடன் வார்டில் நடந்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஸ்க்ரப்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவமனை நகைச்சுவைத் தொடரைப் பற்றியும் உங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் எழுதுங்கள். 2002 செப்டம்பரில் அதன் இரண்டாம் சீசன் தொடங்கியது. அந்த முதல் பகுதியில், 'மென் அட் வொர்க்' குழுவின் பாடகர் காலின் ஹே கிதாருடன் வந்து, இளம் மருத்துவர் ஜே.டி. போகுமிடமெல்லாம் பாடிக்கொண்டே கூட வருவார்.

முப்பது வருடம் நைட் டியூட்டி பார்த்தவள் நான். ஒரு நோயாளியின் கவலை அடுத்த படுக்கைக்கும் கூடவே வரும், அப்புறம் வீட்டுக்கும் வரும். அந்தப் பாட்டு எனக்கு அதுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் மூடிக்கிடந்த நிஜ மருத்துவமனையில் எடுத்தார்களாம். தாழ்வாரம்கூடப் பழகிய இடமாகத் தெரிகிறது. முக்கியமாக, நர்ஸ் கார்லாவுக்கு அதில் கோபமும் காதலும் சொந்த வாழ்க்கையும் உண்டு. நம் சீரியல்களில் நர்ஸ் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்