திறந்த மண்டப வீட்டில் சுவர்ப்பலகை எவ்வளவு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் இருப்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் குசினிக்கும் நடுவே நின்ற சுவர்கள் காணாமல் போய், எல்லாம் ஒரே மண்டபமாகிவிட்டன. அந்த மண்டபத்தோடு கூடவே, சுவரின் கீழ்ப்பகுதியில் சட்டமிட்டுப் பலகை அடிக்கும் 'வெயின்ஸ்கொட்டிங்' என்ற அலங்காரமும் வந்து சேர்ந்திருக்கிறது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஓடாவியாரிடம் நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. படவரைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இந்த விடயத்தில் சொந்தக் காசைக் கொட்டிப் பிழை விட்டவன் என்ற முறையிலும், பலகையை எவ்வளவு அடிப்பது, எங்கே நிறுத்துவது என்பது பற்றிச் சில எழுத விரும்புகிறேன்.

குளிர் நாடுகளில் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய சுவரின் சில்லிப்பும் ஈரமும் ஆளைத் தொடாமல் மறைக்கவும், கதிரையின் முதுகு உரசிப் பூச்சு உதிராமல் காக்கவும் ஏற்பட்டதே இந்தப் பலகை. இன்று கனடாவில் பெரும்பாலான வீடுகளின் சுவர்கள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்தவை. அங்கே ஓர் அழகுப் பலகையை அதன்மேல் ஆணியடித்து ஒட்டுவதால் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. நமது சுவரோ சீமெந்துக் கல்லும் சீமெந்துப் பூச்சும். நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், பல ஊர்களில் உவர்க்கிணறு, ஐப்பசி கார்த்திகை மழையில் அத்திவாரத்தைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் என்றிருக்கும் மண்ணில், ஈரத்தடுப்புப் படை சரியாக இடப்படாத சுவர் நிலத்து ஈரத்தை விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மேலே இழுக்கும். அந்த ஈரம் உலர்வதற்குச் சுவரின் முகம் திறந்திருக்க வேண்டும். அதைப் பலகையால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அல்லது பலகைக்கு மேலே ஏறிப் பூச்சைப் பொரிய வைக்கும். நாலடிக்கு மாபிள் ஒட்டிய சுவர்களில், மாபிளுக்கு மேலே உப்புப் பூத்துத் தீந்தை உரிவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

கொக்குவிலில் என் மகளுக்குக் கட்டிய வீட்டின் மண்டபம் 30 அடிக்கு 18 அடி. சுற்றளவு 96 அடி. வாசல்கள், படி ஏறும் இடம், குசினி மேடை ஆகியவற்றுக்கு 36 அடி போக, எஞ்சிய 60 அடிக்கும் மருமகன் ஆசைப்பட்டபடியே, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அடித்தோம். தடுக்க வேண்டிய நானே நின்று அளந்து கொடுத்தேன். அடுத்த கார்த்திகையில், மேற்குப் பக்கத்து வெளிச்சுவரில் இருந்த பலகையின் அடிவிளிம்பு தேநீரில் தோய்த்த றஸ்க் போல ஊதிப் பருத்து, வெள்ளைத் தீந்தை செதிள் செதிளாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. ஓடாவியார் வந்து ஒரு துண்டைக் கழற்றியதும், பின்னால் கறையான் மண் பென்சில் தடிப்பில் கோடு கோடாக யன்னல் நிலை வரை ஏறியிருந்தது தெரிந்தது. "ஐயா, வெறுஞ்சுவரா இருந்திருந்தால் நீங்கள் முதல் நாளே கண்டு தட்டி விட்டிருப்பீங்கள்" என்றார் அவர். எனக்குப் பதில் இருக்கவில்லை.

தனி அறையென்றால் பலகை தொடங்கிய மூலையிலேயே வந்து முடியும். எவ்வளவு என்ற கேள்வியே எழாது. திறந்த மண்டபத்தில் அதை நிறுத்த ஓர் இடம் கிடையாது. இருப்பறைப் பக்கம் தொடங்கியது சாப்பாட்டு மேசையைக் கடந்து, குசினிக்குள் புகுந்து, படியிலும் ஏறப் பார்க்கும். ஆகவே கட்டும்போதே, பூச்சு வேலை தொடங்கு முன்னரே, முடிவிடத்தைக் குறித்துவிட வேண்டும். உள்மூலை, தூண், கதவு நிலை ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பலகை முடியலாம். சுவரின் நடுவில் முடிந்தால், எவ்வளவு திறமான வேலையானாலும் காசு முடிந்த இடத்தில் வேலை நின்றது போலத் தெரியும்.

என் கணிப்பில், கையும் தோளும் கதிரையும் உரசும் உட்சுவர்களுக்கு மட்டும் பலகை போதும். சாப்பாட்டு மேசைக்குப் பின்னுள்ள சுவர், படுக்கையறைகளுக்குப் போகும் நடைவழி, படியோரம் ஆகியவையே அந்த இடங்கள். வெளிச்சுவர்களை, அதிலும் சாரல் அடிக்கும் பக்கத்தை, விட்டுவிட வேண்டும். குசினிப் பக்கம் தாளிப்பும் பொரியலும் எண்ணெய் ஆவியும் படும் இடம். பலகையின் சட்ட இடுக்குகளில் பிசுக்குச் சேர்ந்தால் துடைத்து மாளாது. அங்கே மாபிளே பொருத்தம்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் மூன்றில் ஒரு பங்கு என்பது கைப்பழக்கமான கணக்கு. 10 அடிச் சுவருக்கு அது 40 அங்குலம். ஆனால் யன்னல் அடிக்கட்டு 3 அடியில் இருக்கும் வீட்டில் பலகையின் மேல்விளிம்பு 40 அங்குலத்தில் ஓடினால், ஒவ்வொரு யன்னலிலும் முட்டி வெட்டுப்பட்டு நிற்கும். அந்த அடிக்கட்டோடு நேராக 36 அங்குலத்தில் முடிப்பதே கண்ணுக்கு அமைதி. அதிலும் நிலத்திலிருந்து முதல் 4 அங்குலத்துக்கு மாபிள் விளிம்பு ஒட்டி, அதற்கு மேலே பலகையைத் தொடங்கினால், வீடு கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. மீதி 32 அங்குலந்தான். 8 அடி நீளப் பலகை 96 அங்குலம். அறுப்பில் போகும் நூலளவைத் தள்ளினால் அதில் சரியாக மூன்று துண்டு விழும். 4 அடி அகலமுள்ள பலகையில் 60 அடிச் சுவருக்கு 15 துண்டு, அதாவது 5 பலகை. 36 அங்குலமாக அறுத்தால் ஒரு பலகையில் இரண்டு துண்டுதான் தேறும். 8 பலகை வாங்கி, இரண்டடிக் கழிவுகளை வீட்டுப் பின்புறத்தில் அடுக்க வேண்டியதுதான்.

பலகையே வேண்டாம் என்பவர்களுக்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. என் பாட்டனாரின் நாற்சார் வீட்டில் உள்விறாந்தைச் சுவர் இடுப்பளவுக்குக் கரும்பச்சைத் தீந்தை பூசியதாக இருக்கும்; அதன் தலைப்பில் விரலகலத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். கை அழுக்கையும் சாய்மனைக் கதிரையின் உரசலையும் அதுவே தாங்கிக்கொண்டது. ஈரம் வந்தால் மறைக்கவும் இல்லை. சில பள்ளிக்கூடங்களில் அந்தப் பட்டையை இன்றும் காணலாம். மருமகனுக்கு அது பள்ளிக்கூட நினைவையே தருகிறதாம், அதுவும் நியாயந்தான்.

கடைசியில் மேற்குச் சுவரையும் மற்ற வெளிச்சுவர்களையும் உரித்துவிட்டு, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் 14 அடியும் நடைவழியில் 8 அடியும் மட்டும் வைத்திருக்கிறோம். உரித்த சுவர்கள் இரண்டு வெயில் காலம் பூச்சில்லாமல் கிடந்து உலர்ந்த பின்னரே மேசன் மீண்டும் பூசினார். மீந்த நல்ல துண்டுகளில் ஓடாவியார் பேத்திக்கு ஒரு புத்தக அலுமாரி செய்து கொடுத்தார். அதைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
நல்லூர்.